சபை அளந்து கொடுத்த தவிடு

என் பேத்தி கிருபை காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த நாளில், நான் மடியில் ஒரு படி தவிட்டை வைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் உட்கார்ந்திருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு பேரப்பிள்ளைகளின் குழியருகே நின்று வேதம் வாசித்தவன் நான். மூன்றாவது குழியருகே எதை வாசிப்பது என்றுகூட வண்டியில் போகும்போதே மனம் யோசித்தது. அப்படிப்பட்ட மனம் என்னுடையது. அதற்காக என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்பான சபையாரே, அந்த நாளில் நடந்ததைச் சாட்சியாக எழுதும்படி பலமுறை கேட்டுவிட்டீர்கள். தேவன் என் விண்ணப்பத்தைக் கேட்டார். அதில் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இப்படிக் குழப்பத்தோடு சாட்சி எழுதலாமா என்று உபதேசியாரைக் கேட்டேன். "எழுதுங்க வாத்தியாரே, குழப்பமில்லாதவுக யாரு இங்கன இருக்கா?" என்றார். எழுதுகிறேன்.

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முந்திய ஐப்பசி அது. நம்முடைய ஊர் கோம்பைப் பாதையில் இருக்கிறது. உத்தமபாளையத்துக்குப் போக வேண்டுமானால் நடுவில் ஓடையைக் கடக்க வேண்டும். கோடையில் அது வெறும் மணல். ஐப்பசியில் மலைமேல் மழை கொட்டினால், இங்கே தூறல்கூட இல்லாதபோதே செந்தண்ணீர் புரண்டு வந்துவிடும்.

அப்போது நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மகள் ஞானத்தோடு இருந்தேன். கணக்கு வாத்தியாராக இருந்தவன். எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. ஆலயத்தில் தலைகளை எண்ணுவேன். பிரசங்கம் நீண்டால் கூரையின் சட்டங்களை எண்ணுவேன். மருமகன் கம்பம் மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பண்டிகைக்குத்தான் இறங்கி வருவார்.

ஞானத்துக்கு முதல் பிள்ளை ஆண். தவழும் பருவத்தில் போனான். அடுத்தது பெண். பல் முளைக்கும் முன்னே போனாள். அதற்குப் பிறகு பிறந்தவள்தான் கிருபை. அவளுக்கு ஒரு வயது நிறைந்திருந்தபோது, ஒரு நாள் கிணற்றடியில் பெண்கள் அவளைத் "தவுட்டம்மா" என்று கூப்பிட்டுக் கொஞ்சுவதைக் கேட்டேன். வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏ ஆத்தா, பிள்ளைக்கு இந்தப் பேரு எப்ப வந்துச்சு?"

"வித்த அன்னைக்கு வந்துச்சுப்பா."

"எதை வித்த?"

"பிள்ளையத்தான்."

நம் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம் இது. தூரத்துச் சபையாருக்காகச் சொல்கிறேன். ஒரு வீட்டில் பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்த பிள்ளையை முறத்தில் கிடத்தி, பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டின் கொல்லை வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அந்த வீட்டுக்காரி ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். பிறகு தலைவாசல் வழியாக வந்து, "இது என் பிள்ளை, எனக்காக வளத்துக் குடு" என்று பெற்றவளிடமே கொடுத்துவிடுவாள். இந்தப் பிள்ளை இவளுடையது அல்ல, தவிட்டு விலைக்குப் போன பிள்ளை என்று சாவு ஏமாந்துபோகுமாம். ஞானம் கிருபையை விற்றது உத்தமபாளையத்து ராவுத்தர் தெருவில் மீராம்மாளிடம். மீராம்மாளும் ஞானமும் ஒரே வகுப்பில் என்னிடம் படித்தவர்கள். மீராம்மாளுக்கு ஏழு பிள்ளைகள். ஏழும் உயிரோடு இருந்தார்கள்.

"ஞானஸ்நானம் குடுத்த பிள்ளைய இப்படிச் செய்யலாமா?" என்று கத்தினேன்.

அவள் அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன ரெண்டு பேரும் ஞானஸ்நானம் வாங்குனவுகதானப்பா."

"அந்தத் தவிட்ட என்ன செஞ்ச?"

"மாட்டுக்கு வச்சேன். தின்னுருச்சு."

எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. ஆனால் ஊர் வாய் அடைக்கவில்லை. விஷயம் உபதேசியார் காதுக்குப் போயிற்று. அடுத்த ஞாயிறு அவர் நூற்றாறாவது சங்கீதத்தை எடுத்தார். நம் முன்னோர்கள் மற்ற ஜாதிகளின் விக்கிரகங்களைச் சேவித்து, தங்கள் சொந்தக் குமாரரையும் குமாரத்திகளையும் அவற்றுக்குப் பலியிட்டதைச் சொல்லிப் புலம்பும் இடம். குற்றமில்லாத இரத்தத்தால் தேசமே தீட்டுப்பட்டது என்ற இடத்தில் நிறுத்தி, புத்தகத்தை மூடினார். "தவிட்டுல தொடங்குனா இதுலதான் போய் முடியும்" என்றார். ஆலயத்தில் எல்லாத் தலையும் ஞானத்தின் பக்கம் திரும்பியது. திரும்பாத தலைகளை எண்ணினேன். எளிதான வேலை. என்னுடையது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பலி என்றால் பிள்ளை சாக வேண்டும். என் மகள் செய்தது பிள்ளை சாகாமல் இருப்பதற்காக. இரண்டையும் ஒரே பாவத்தின் கீழ் எப்படிச் சேர்ப்பது? இன்னொன்றும் என்னைக் குடைந்தது. அந்தப் பழைய காலத்துத் தகப்பன்மார் பிள்ளைமேல் ஆசை இல்லாதவர்களா? ஆசை இல்லாத ஒன்றை எந்த விக்கிரகமும் கேட்பதில்லையே. அப்படியானால் அழுதுகொண்டேதான் கொடுத்திருப்பார்கள். சரியானதைச் செய்கிறோம் என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். இதை உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன்.

"வாத்தியாரே, வேதத்தக் கணக்கு மாதிரிப் போட்டுப் பாக்காதீக. உங்க மக விஷயத்த முதல்ல பாருங்க" என்றார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது. சிறிய விஷயத்துக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி பிறந்ததும் கிருபைக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் எடுக்கும். பல் கிட்டிக்கொள்ளும். பிறகு உடம்பு அடுப்புக்கல் போலச் சுடும். மூன்றாவது முறை குளிர் வந்து போன மறுநாள் காலையில் ஞானம் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள்.

"எங்க ஆத்தா?"

"மீரா வீட்டுக்கு. அவ வீட்டுக்கார ராவுத்தரு முறைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை வாங்கி வச்சிருக்காகளாம். அந்த வீட்டுக்குள்ள சாவு இதுவரைக்கும் எட்டிப் பாக்கல. எம்பிள்ளை அங்கனயே கெடக்கட்டும்."

நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்றும் தோன்றியது, கூடவே ஓட வேண்டும் என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வாசலில் நின்றேன்.

ஒரு நாள் முழுவதும் வீட்டில் தனியாக இருந்து பார்த்தேன். முடியவில்லை. மறுநாள் குளிர் எடுக்க வேண்டிய முறைநாள். காலையிலேயே சபைக் கமிட்டியாரிடம் போய் அழுதேன். எல்லாரும் கூடி உபவாசமிருந்து பிள்ளைக்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்டேன். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் உபதேசியார் ஒரு தடை சொன்னார்.

"தவிட்டுக்கு வித்த பிள்ளை ராவுத்தர் வீட்டுல கெடக்கு. இங்கன நாம முழங்கால்ல நிக்கிறதா? தேவன் எதைப் பாப்பாரு? முதல்ல வாங்குன தவிட்டத் திருப்பிக் குடுத்துப் பிள்ளைய மீட்டுக் கொண்டாங்க. ஆலயத்துல கெடத்தி ஜெபிப்போம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எல்லாருக்கும் பட்டது. மூப்பர் ஒருவர் தம் வீட்டிலிருந்தே தவிடு கொண்டுவந்தார். படியில் அளந்தார். அப்போது ஒரு கேள்வி எழுந்தது.

"வாத்தியாரே, உங்க மக தலை தட்டி வாங்குச்சா, கும்பமா வாங்குச்சா?"

"தெரியாதே."

"கொறைஞ்சுட்டா மீட்பு செல்லாதுல்ல?"

"அப்ப கும்பமாவே அளங்க" என்றேன் நான். யாரும் சிரிக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் ஒன்பது பேர் அந்தத் தவிட்டைச் சுற்றி, காணிக்கையைச் சுற்றி நிற்பது போல நின்றோம். உபதேசியார் ஒரு சிறு ஜெபமும் செய்தார்.

வண்டிக்காரன் மொக்கையன் மாட்டைப் பூட்டினான். ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. கடந்துவிட்டோம்.

மீராம்மாள் முற்றத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கொயினா மாத்திரையைப் பொடித்துக் கருப்பட்டியில் குழைத்துக்கொண்டிருந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க சார். மடியில என்ன? எம்பிள்ளைக்குச் சீரா?"

"தவிடும்மா."

"எங்க வீட்டுல மாடு இல்லையே."

"அன்னைக்கு நீ ஞானத்துக்குக் குடுத்தியே, அதத் திருப்பிக் குடுத்துட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வரச் சொன்னாக."

"யாரு சொன்னாக?"

"சபையில."

அவள் என்னையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். "அளந்தா குடுத்தாக?"

"அளந்துதான்."

"கும்பமாவா?"

நான் மூட்டையைத் துண்டால் மூடினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பிள்ளை கிடப்பதை நினைத்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்க பள்ளிவாசல் அசரத்துக்குத் தெரிஞ்சா என்னையும் வையத்தான் செய்வாக சார். இவ அழுதுக்கிட்டு மொறத்தோட கொல்லையில வந்து நின்னா. அவ மனசு ஆறட்டும்னு ஒரு படி தவிட்டப் போட்டேன். அதப் போயி ஒரு சபையே கூடி அளந்துருக்கீகளே!"

"அது மூட நம்பிக்கைம்மா. அதுல ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா நான் எதையும் வாங்கல. பிள்ளை உங்களுது. திருப்பிக் குடுக்க என்ன இருக்கு? இல்ல, அதுல ஏதோ இருக்குன்னா பிள்ளை என்னுது. என்னுத இந்தத் தூத்தல்ல நான் வெளிய விடமாட்டேன். ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க. எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தவுக நீங்க."

அவளுக்குப் பின்னக் கணக்கு வராது என்று ஒரு காலத்தில் பெஞ்சுமேல் ஏற்றியவன் நான். மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கிருபை ஒரு பழைய கம்பளியில் கிடந்தாள். குளிர் விட்டுச் சூடு ஏறியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஞானம் ஈரத்துணியை நெற்றியில் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வண்டி நிக்குது ஆத்தா. ஆலயத்துல எல்லாரும் காத்திருக்காக. தூக்கு."

"இந்தச் சூட்டோடயா? மழையிலயா?"

"தேவனுக்கு முன்னால சரியா நின்னு கேக்கணும்ல. தவறு நம்ம பக்கம் இருக்கையில எப்படிக் கேக்குறது?"

அவள் அழவில்லை. என் முகத்தை நேராகப் பார்த்தாள். சிறு பெண்ணாக இருந்தபோது சந்தேகம் கேட்கும் அதே பார்வை.

"அப்பா, அந்தச் சங்கீதத்துல பிள்ளையக் கேட்டது யாரு?"

"விக்கிரகம்."

"இப்பக் கேக்குறது யாரு?"

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேவன் கேட்கிறார் என்று சொல்ல நாக்கு எழவில்லை. தேவன் கேட்கவில்லை, உபதேசியார் கேட்கிறார் என்று சொல்லவும் பயமாக இருந்தது. நான்தான் கேட்கிறேனோ என்று தோன்றியது. சரியாக நிற்க வேண்டும் என்ற என் ஆசைக்காகவா, இந்தக் கொதிக்கிற உடம்பை மழையில் தூக்கிப் போகச் சொல்கிறேன்? அந்தத் தகப்பன்மாரும் இப்படித்தான் சொல்லியிருப்பார்களோ? "எல்லாரும் காத்திருக்கிறார்கள், தூக்கு" என்று?

வெளியே மொக்கையன் கத்தினான். "சாரு! மலை கறுத்துக்கிட்டு வருது! ஓடை ஏறுனா மாடு எறங்காது! வர்றீகளா, இல்ல நான் போகட்டுமா?"

போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்து நான் முடிவு செய்ததாக நினைக்காதீர்கள். கால் எழவில்லை, அவ்வளவுதான். "நீ போப்பா" என்று என் வாய் சொன்னதை நான் கேட்டேன். வண்டி போகும் சத்தம் கேட்டது. உடனே பெரிய தவறு செய்துவிட்டேன் என்று பட்டது. ஆலயத்தில் சபை காத்திருக்கிறது. பிள்ளையும் வராது, நானும் வரமாட்டேன். அவர்கள் ஜெபிக்காமல் கலைந்து போவார்கள். பிள்ளைக்காக ஜெபிக்க உலகத்தில் யாரும் இல்லாமல் செய்துவிட்டேன்.

தாழ்வாரத்துக்கு வந்தேன். நான் வைத்த மூட்டை அவிழ்ந்து, சபையாரின் தவிட்டை மீராம்மாளின் கோழிகள் தின்றுகொண்டிருந்தன. என் முகத்தைப் பார்த்து மீராம்மாள் என்ன நினைத்தாளோ, உள்ளே போய் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தாள்.

"கும்பிடணும்னா இங்கனயே கும்பிடுங்க சார். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக."

அந்தப் பாயில் முழங்காலிட்டேன். நான் நீளமாக ஜெபிக்கிறவன். உங்களுக்குத் தெரியும், அதற்காக என்னைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளையை எடுத்துக்கொள்ளாதேயும்" என்று மட்டும் சொன்னேன். ஆமென்கூடச் சொல்லவில்லை.

சிறிது நேரத்துக்கெல்லாம் வண்டி திரும்பி வந்தது. மொக்கையன் மார்பு வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தான். ஓடையில் இறங்கியதுமே வெள்ளம் புரண்டு வந்து மாட்டின் கழுத்துக்கு ஏறிவிட்டதாம். வண்டியைத் திருப்பிக் கரையேற்றியது பெரும்பாடாம்.

"நல்லவேளை ஒத்தையாப் போனேன். நீங்க இருந்தா, சீக்கிரம் ஓட்டு, ஆலயத்துல காத்திருக்காகன்னு தொணதொணன்னு நச்சரிச்சிருப்பீக. நானும் நடுவுல எறக்கியிருப்பேன். பிள்ளையோட போயிருப்போம் சாரு."

அவன் சொன்னது முழுக்க உண்மை. நான் நச்சரித்திருப்பேன்.

மாலையில் கிருபையின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பிறகு கழுத்தில், முதுகில். கம்பளி நனைந்தது. கண்ணைத் திறந்து முதலில் மீராம்மாளைப் பார்த்தாள், பிறகு தாயைப் பார்த்தாள், தண்ணீர் கேட்டாள். அடுத்த முறைநாளில் குளிர் வரவில்லை. அதற்கு அடுத்த முறையும் வரவில்லை. ஸ்தோத்திரம்.

ஆனால் யாருடைய ஜெபம் கேட்கப்பட்டது? சபை ஜெபிக்கவில்லை. நான் ஒன்றரை வரி ஜெபித்தேன். மீராம்மாள் ஐந்து வேளையும் தொழுதாள், பிள்ளையின் பெயர் சொல்லித் தொழுததாகப் பிறகு சொன்னாள். ஞானம் ஜெபித்தாளா என்று கேட்டதற்கு, "துணி மாத்தத்தான் நேரமிருந்துச்சு" என்றாள். கொயினாவும் வயிற்றுக்குள் போயிருந்தது. பிள்ளையின் உயிரை இத்தனை பேருக்கும் வகுத்துப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் மீதி நின்றது. அந்த மீதிக்குத்தான் நான் தேவன் என்று பெயர் சொல்கிறேனா, அல்லது முழுத் தொகையே அவர்தானா? தெரியவில்லை.

வெள்ளம் வடிந்தபிறகு உபதேசியார் ஓடையைக் கடந்து வந்தார். மீராம்மாள் வீட்டு முற்றத்தில் குடையோடு நின்றார். உள்ளே வரவில்லை. என்னைச் சபையிலிருந்து விலக்குவதற்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"காய்ச்சல் எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சுங்க."

ஸ்தோத்திரம் என்று அவர் சொல்லவில்லை. தரையைப் பார்த்தார். "தவிட்டாலயா?" என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். அதில் கேலி இல்லை.

"எனக்கு ரெண்டு பிள்ளைக வாத்தியாரே. ஜெயமங்கலத்துல ஊழியத்துல இருந்தப்ப. மூத்தவன் போனப்புறம், ரெண்டாவதுக்குக் காய்ச்சல் கண்டப்ப, பக்கத்து வீட்டுக்காரி படியில தவிட்ட வச்சுக்கிட்டு வாசல்ல வந்து நின்னா. குடுங்கய்யா, நான் வாங்கிக்கிறேன்னா. என் வீட்டுக்காரி என் முகத்தப் பாத்தா. நான் மாட்டேன்னுட்டேன். அதுவும் போச்சு." குடைப்பிடியைத் திருகினார். "இந்தப் பிள்ளை தவிட்டால பொழைச்சிருச்சுன்னா, என் பிள்ளைய நான்தானே..."

முடிக்க அவரால் முடியவில்லை. ஞானம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆலயத்தில் எல்லார் தலையும் தன்மேல் திரும்பும்படி செய்த மனிதரிடம் அவள் பேசினாள்.

"தவிட்டால இல்லைங்கய்யா. தவிடு குடுத்துந்தான் எம்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு. நீங்க குடுத்திருந்தாலும் வந்துருக்கும். உங்க மேல ஒண்ணுமில்லைங்கய்யா."

மீராம்மாள் வாசற்படியிலிருந்து கேட்டாள். "அன்னைக்குக் கொயினா கெடச்சுச்சா உங்களுக்கு?"

"இல்லம்மா. ஊருக்குள்ள யாருகிட்டயும் இல்ல."

"பெறகென்ன அய்யா. உள்ள வாங்க. நனையாதீக."

அவர் உள்ளே வந்தார். கிருபையின் தலையில் கை வைத்து ஜெபித்தார். ஜெபத்தின் நடுவில் "சாமுவேல், லேயாள்" என்றார். அவர் நம்மிடம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் பிள்ளைகளின் பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அந்த ஞாயிறு ஞானத்தை யாரும் சபைக்கு முன்னால் நிறுத்தவில்லை. உபதேசியார் அதே சங்கீதத்தை மறுபடி எடுத்தார். இந்தத் தடவை முதல் வசனத்திலிருந்து கடைசி வரை வாசித்தார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. நான் அதை ஒரு வழக்கில் வாசிக்கும் குற்றச்சாட்டு என்று எடுத்திருந்தேன். அது ஒப்பாரி. பாடுகிறவர் தூரத்தில் நின்று யாரையோ சுட்டிக் காட்டவில்லை. நாங்களும் எங்கள் முன்னோர்களும் என்று தம்மையும் உள்ளே சேர்த்துக்கொண்டுதான் தொடங்குகிறார். செத்துப்போன பிள்ளைகளுக்காக அழுகிறார். முந்தின தடவை புத்தகம் மூடப்பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே, அந்த ஜனங்கள் கூப்பிட்டபோது தேவன் அவர்களுடைய இடுக்கத்தைப் பார்த்தார் என்று வருகிறது. கை சுத்தமாகிவிட்டதா, தவிடு திரும்பி வந்துவிட்டதா என்று அவர் முதலில் கேட்கவில்லை.

இவ்வளவுதான் எனக்கு விளங்கியது. பிள்ளையைக் கேட்பது விக்கிரகம் என்றால், ஆபிரகாமிடம் தேவன் அவன் மகனைப் பலியாக ஏன் கேட்டார் என்று ஞானம் ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியாது. கத்தி இறங்காமல் நின்றது என்பது மட்டும் தெரியும். அவ்வளவையும் பிடித்துக்கொண்டு இருக்கிறேன்.

அந்த வருஷத்திலிருந்து நம் ஆலயத்தில் கொயினா மாத்திரை ஒரு டப்பாவில் இருக்கிறது. யார் கேட்டாலும், எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் கொடுக்கிறோம். காய்ச்சல் கண்ட பிள்ளை எங்கே கிடக்கிறதோ அங்கேயே போய் ஜெபிக்கிறோம். தூக்கிவரச் சொல்வதில்லை. நான் இன்னமும் சிடுசிடுக்கிறவன்தான். ஆனால் ஒரு தாய் பயத்தில் ஏதாவது செய்துவிட்டாள் என்று கேள்விப்பட்டால், முதலில் அவள் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தாள் என்று விசாரிக்கிறேன். கிருபை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓடி வருகிறாள்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் ஒரு ஞாயிறு அந்தச் சங்கீதத்தை முழுவதும் வாசித்து, பிள்ளைகளை இழந்தவர்கள் அவரவர் பிள்ளையின் பெயரை வாய்விட்டுச் சொல்லும்படி உபதேசியார் இடம் கொடுக்கிறார். முதல் வருஷம் ஞானம் எழுந்து நின்று தன் மகன் பெயரையும் மகள் பெயரையும் சொன்னாள். குழி மூடிய நாளிலிருந்து அவள் அந்தப் பெயர்களைச் சொல்லி நான் கேட்டதில்லை. மடியில் இருந்த கிருபை தாயின் முகவாயைத் திருப்பி, "அது யாரும்மா?" என்றாள்.

"உங்கண்ணன். உங்கக்கா" என்றாள் ஞானம்.

சகோதரிகளே, சகோதரரே, இதை வாசிக்கிற உங்களிலும் அப்படிப் பெயர் சொல்லாமல் வைத்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். ஏன் போனார்கள், யார் குற்றம் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்திருப்பீர்கள். உங்களுக்குச் சொல்ல என்னிடம் விளக்கம் இல்லை. நம்முடைய ஆண்டவர் ஒன்றரை வரி ஜெபத்தையும் கேட்கிறவர், பிறத்தியார் வீட்டுப் பாயில் முழங்காலிட்டாலும் கேட்கிறவர் என்பதற்கு நான் சாட்சி. வரும் ஐப்பசியில் வாருங்கள். எல்லாம் விளங்கிய பிறகு வரலாம் என்று காத்திருக்க வேண்டாம். வந்து, அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.